களிக்கடைக்கு என்ன பெயர்: வசந்த மாளிகையா, மண்வாசனையா, தகடூரா?

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற பென்னாகரம் ரோட்டில் என் பெரியப்பா மகன் ஒரு களிக்கடை போட்டிருக்கிறார். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருவாட்டுக் குழம்பு. இடம் பார்த்தது, அட்வான்ஸ் கொடுத்தது, அடுப்பு வாங்கியது எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. பெயர் வைக்கத்தான் இரண்டு மாதம் ஆனது.

நான் டவுனில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பலகை என்று இருபது வருஷமாக ஊரார் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவன். அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை: பெயரைக் கேட்டதும் பழைய ஞாபகம் வர வேண்டும். சரிதான், களியே ஒரு பழைய ஞாபகம்தானே. சின்ன வயதில் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியதை இப்போது காசு கொடுத்துத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறோம். ஆனால் யாருடைய ஞாபகம், எந்த வருஷத்து ஞாபகம் என்று கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள்.

அண்ணன் சொன்னது வசந்த மாளிகை. அண்ணி சொன்னது அழியாத கோலங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் பையன் மண்வாசனை என்றான். நான் தகடூர் என்றேன். நான்கில் ஒன்றுகூட நமக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஏதோ ஒரு படமோ, பாட்டோ, சீரியலோ, ஊரோ அந்தப் பெயரில் ஏற்கெனவே குடியிருக்கிறது. நாம் அதில் ஒரு அறையை வாடகைக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான். அப்படியென்றால் வீட்டுக்காரர் யார், கூடக் குடியிருப்பவர்கள் யார் என்று விசாரித்துவிட்டுத்தானே போக வேண்டும்? அதைத்தான் செய்தேன்.

முதலில் வசந்த மாளிகை. 1972-இல் வந்த சிவாஜி, வாணிஸ்ரீ படம். அண்ணன் படம் வெளிவந்தபோது பார்த்தவரில்லை. பின்னால் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவர். அவருக்கு அந்தப் பெயரில் மணல், முறுக்கு, கே.வி. மகாதேவன் பாட்டு எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த மாளிகைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கோடூரி கௌசல்யா தேவி எழுதிய தெலுங்கு நாவல், 1971-இல் 'பிரேம் நகர்' என்று படமாகி, அதே இயக்குநர் கே.எஸ். பிரகாஷ் ராவ் கையில் தமிழில் வசந்த மாளிகை ஆனது. 1974-இல் இந்திக்கும் போனது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்குக்காரப் பெரியவர்களிடம் வசந்த மாளிகை என்று சொல்லிப் பாருங்கள், நாகேஸ்வர ராவ் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

எனக்கு இதில் இரண்டு சிக்கல் தெரிந்தது. இருபது வருஷத்தில் இந்தப் பெயரை எத்தனை கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மண்டபத்துக்கும் இதே பெயர் வைக்கிறார்கள். கடைக்கு வருகிற போனில் பாதி 'தை மாசம் 15 தேதி காலியா இருக்குங்களா?' என்றுதான் இருக்கும். இரண்டாவது, எங்கள் கடை ஷீட் போட்ட கூரை, நாலு டேபிள், ஒரு கை கழுவும் தொட்டி. மாளிகை என்று பலகை மாட்டினால் வருகிறவர் முதலில் சிரிப்பார், அப்புறம் சரவிளக்கைத் தேடுவார். படத்தின் கதாநாயகன் முக்கால்வாசி நேரம் குடித்துக்கொண்டிருப்பான் என்பதையும் அண்ணனுக்கு ஞாபகப்படுத்தினேன். ஒகேனக்கல் ரோட்டில் பாட்டிலோடு வந்து டம்ளர் மட்டும் கேட்கிறவர்களுக்கு நாமே பலகை வைத்து அழைப்பு கொடுக்க வேண்டாம். அதைச் சொன்ன பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

அழியாத கோலங்கள் அண்ணியின் தேர்வு. 1979-இல் வந்தது, பாலு மகேந்திராவின் முதல் தமிழ்ப் படம், சலீல் சௌத்ரி இசை. நல்ல பெயர்தான். பலகையில் ஒன்பது எழுத்து. ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிப்பவருக்கு 'அழியாத' என்பதற்குள் கடை தாண்டிவிடும். தாண்டாமல் படித்தவருக்குத் தேவயானி சீரியல் ஞாபகம் வரும். அண்ணியே இரண்டு நாளில் விட்டுவிட்டார்.

மண்வாசனைதான் உண்மையான போட்டி. இதைத் தள்ளுவதற்கு எனக்கே மனசு வரவில்லை. 1983-இல் பாரதிராஜா எடுத்த படம், ரேவதிக்கு முதல் படம், 'பொத்தி வச்ச மல்லிக மொட்டு' இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் ஒலிக்கிறது. ஆனால் எங்கள் பையனுக்கு அந்தப் படம் தெரியாது. அவன் சித்தி தலைமுறைக்கு மண்வாசனை என்றால் ராஜ் டிவியில் வந்த இந்தி டப்பிங் சீரியல், சின்ன வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ஆனந்தியின் கதை. பையனுக்கோ அது நகரத்து இயற்கை அங்காடிகளில் செக்கு எண்ணெய்ப் பாட்டில் பக்கத்தில் பார்த்த சொல். ஒரே பெயர், மூன்று தலைமுறைக்கு மூன்று ஞாபகம். அது பலம்தான். படமே பார்க்காதவனுக்கும் கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் பாலக்கோட்டுச் செம்மண்ணில் எழும் வாசம் தெரியும். மற்ற பெயர்களுக்கு விளக்கம் தேவை, இதற்கு மூக்கு இருந்தால் போதும்.

அதைக் கவிழ்த்தது ஆயா. அன்றைக்குக் களத்திலிருந்து வந்த ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தார். ராகியில் மண்ணும் பொடிக்கல்லும் கலந்துதான் வரும். ரோட்டில் கொட்டி வண்டிச் சக்கரம் ஏற்றி அடித்த ராகி என்றால் கேட்கவே வேண்டாம். முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்து, காயவைத்துத்தான் மெஷினுக்கு அனுப்புவார். அரைத்து வந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நறநற என்று ஒரே ஒரு சத்தம் கேட்டாலும் மொத்த மாவும் மறுபடி சல்லடைக்குப் போகும். அவரிடம் போய்ப் பையன், 'ஆயா, மண்வாசனைன்னு பேரு வைக்கலாமா?' என்றான்.

'களியில மண்ணு வாசம் வந்தா எவன்டா துன்னுவான்?' என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

துணிக்கடைக்கோ நர்சரிக்கோ வைத்தால் மண்வாசனை அருமையான பெயர். ராகி விற்கிற கடைக்கு வைத்தால் அது புகார்.

இடையில் சட்டப் பக்கமும் கொஞ்சம் விசாரித்தோம், இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும். படத் தலைப்பைக் கடைக்கு வைத்தால் கேஸ் போடுவார்களா என்பது அண்ணனின் பயம். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று ஒரு இந்திப் படத் தலைப்பு வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வணிகக் குறி வேறு சமாச்சாரம். உணவகங்களுக்கு 43-ஆம் வகுப்பு. அந்த வகுப்பில் வேறொருவர் அதே பெயரை முன்னாலேயே பதிந்திருந்தால் நீங்கள் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். மண்வாசனை மாதிரி எல்லோருக்கும் தோன்றுகிற பெயர்களில் இந்த ஆபத்து அதிகம். ஊர்ப் பெயரில் வேறு மாதிரித் தொல்லை: வெறும் ஊர்ப் பெயரை எனக்கே எனக்கு என்று கேட்டால் பதிவு கிடைப்பது கஷ்டம், பின்னால் ஒட்டும் சொல்லோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். எது வைத்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது வீண் அலைச்சல்.

ஊர்ப் பெயர் என்றால் பேசாமல் தர்மபுரி என்றே வைக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயிலோடு தெலங்கானாவில் ஒரு தர்மபுரி இருக்கிறது, 2006-இல் பேரரசு எடுத்த விஜயகாந்த் படம் இருக்கிறது. போதாததற்கு நம் அரசாங்கமே ஒரு பலகையில் தருமபுரி, இன்னொன்றில் தர்மபுரி என்று எழுதுகிறது. இந்த ஊரை ஆண்ட அதியமான் பெயரை வைக்கலாம் என்றால் ஓசூரில் இன்ஜினியரிங் காலேஜ் தொடங்கி இந்த இரண்டு மாவட்டத்திலும் அந்தப் பெயர் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் கொஞ்சம் லீவு கொடுப்போம் என்று விட்டுவிட்டோம்.

இனி என் கட்சி. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர் என்று இங்கே ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரைத் தாங்கிய பழைய இலக்கியம் எல்லாம் அந்த ஊர் அழிந்த கதை. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தை அரிசில் கிழார் பாடியது 'தகடூர் எறிந்த' பெருஞ்சேரல் இரும்பொறையின் மேல். எறிந்த என்றால் அழித்த. நம் ஊர்ப் பெயர் சேர மன்னனின் பட்டத்தில் ஒரு பதக்கமாகக் குத்தப்பட்டிருக்கிறது. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் சில பாட்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன. ஊரும் போய், ஊரைப் பற்றிய நூலும் போய், பெயர் மட்டும் மிச்சம்.

இதை நான் பெருமையாக அண்ணனிடம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: 'ஏம்பா, தோத்த ஊர் பேரையா கடைக்கு வைக்கச் சொல்ற?'

நியாயமான கேள்வி. அந்தச் சேரன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று சமாளித்தேன். முரசு கட்டிலில் அசதியாகத் தூங்கிவிட்ட மோசிகீரனாரை வெட்டாமல் பக்கத்தில் நின்று விசிறிவிட்டவன் அவன்தான், புறநானூறு 50-ஆம் பாட்டு. ஆனால் அது ஜெயித்தவனுக்குப் பெருமை, நம் கடைக்கு என்ன லாபம்?

இன்னொரு இடைஞ்சல் ஓசையில் இருந்தது. தகடூர் என்று போனில் சொன்னால் தெரியாதவர்களுக்குத் 'தகடு' மட்டும் கேட்கிறது. 1985-இல் காக்கிச் சட்டையில் சத்யராஜ் 'தகடு, தகடு' என்று சொன்னதிலிருந்து அந்தச் சொல்லுக்கு இன்னும் விடுதலை இல்லை. சோதித்துப் பார்க்க என் கடையிலிருந்து தெரிந்த மூன்று பேருக்குப் போன் போட்டு 'தகடூர் மெஸ்ஸிலிருந்து பேசறேன்' என்றேன். ஒருவர் 'கூரைக்கு ஷீட்டா?' என்றார். ஒருவர் அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாமவர் தர்மபுரி வாத்தியார், அவர் மட்டும் சரியாகப் பிடித்தார். மேப்பில் ஆங்கிலத்தில் போடும்போதும் தொல்லை: முன்னால் ஹெச் உண்டா இல்லையா, பின்னால் ஒரு யுவா இரண்டு ஓவா என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். இந்த விஷயத்தில் வசந்த மாளிகை எவ்வளவோ மேல்.

பெயரில் கூடக் குடியிருப்பவர்களைப் பார்த்தால் தகடூருக்குத்தான் மதிப்பெண். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தகடூர் நாடு வருகிறது. இங்கே புத்தகத் திருவிழா நடத்துகிறவர்கள் தகடூர்ப் புத்தகப் பேரவை. இணையத்தில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்துகொண்டிருந்த காலத்தில் எழுத்துரு மாற்றிகள் செய்து கொடுத்த தகடூர் கோபியைப் பழைய வலைப்பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் தொழிலுக்கு அவர் கருவிகள் செய்த உதவி கொஞ்சமல்ல. கல்வெட்டு, நூல், கணினி என்று இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் எல்லாம் கௌரவமான அண்டைவீட்டார். மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு தாலுகாவிலும் ஒரு தகடூர் உண்டு. அது நம் வழியில் குறுக்கிடாது என்று அப்போது நினைத்தேன்.

ஆனாலும் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தகடூர் என்ற பெயரில் உயிரோடிருக்கும் யாருக்கும் சொந்த ஞாபகம் கிடையாது. வசந்த மாளிகை என்றால் அண்ணனுக்கு மணல் ஒட்டிய கால் ஞாபகம் வருகிறது. தகடூர் என்றால் எனக்குப் பாடப்புத்தகம்தான் ஞாபகம் வருகிறது. அதற்குப் பெயர் ஏக்கமா, படிப்பா? இரவெல்லாம் இதே யோசனை.

மறுநாள் புறநானூற்றைப் புரட்டினேன். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த 91-ஆம் பாட்டைத் தேடித்தான் போனேன், மெனு கார்டில் போடலாம் என்று. நெல்லிக்கனி எல்லோரும் போடுவது. பத்துப் பாட்டு தள்ளி 101-இல் கண் நின்றது.

'ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்
பலநாள் பயின்று பலரொடு செல்லினும்
தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ'

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பல நாள், அதுவும் பல பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாலும், முதல் நாள் வந்தவரைப் பார்க்கிற அதே ஆசையோடு பார்க்கிறான் அதியமான் என்கிறார் ஔவை. மெஸ் நடத்துகிறவனுக்கு இதைவிட வேறு என்ன விதி வேண்டும்? தினம் வருகிற லாரி டிரைவர், முப்பது பேரோடு வந்து இறங்கும் வேன். அவர்களை முதல் நாள் மாதிரியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டு அதோடு நிற்கவில்லை. அவன் தரும் பரிசு லேட்டானாலும், யானை தன் கொம்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்ட கவளம் மாதிரி, கைக்கு வந்தது போலத்தான் என்கிறார். கவளம்! பென்னாகரத்துக் காட்டுப் பக்கம் யானை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை அண்ணனிடம் காட்டியபோது அவர் ஈயத் தட்டில் தண்ணீர் தெளித்து, கொதிக்கிற களியைக் கரண்டியால் தள்ளி, கையை நனைத்து நனைத்து உருட்டிப் பழகிக்கொண்டிருந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. பாட்டைக் கேட்டுவிட்டு உருண்டையை ஒரு தரம் பார்த்தார்.

'இதுதான் கவளமா?'

'இதேதான்.'

'அப்ப தகடூரே வெச்சிரு.'

பெயரைத் தனியாக வைக்கவில்லை. போன் சோதனையில் தோற்ற பெயர் ஆயிற்றே. 'தகடூர் களிக்கடை' என்று சேர்த்தே வைத்தோம். களி என்று காதில் விழுந்த பிறகு யாரும் ஷீட் விலை கேட்பதில்லை. வணிகக் குறிக்குக் கேட்பதானாலும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் கடை இனிப்புக் கடையாகவோ மண்டபமாகவோ இருந்தால், வாடிக்கையாளர்கள் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருந்தால், நான் வசந்த மாளிகைக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். பெயரை விளக்க உங்களுக்குப் பொறுமை இல்லையென்றாலும் அதுதான் சரி. தகடூர் மாதிரிப் பெயருக்குக் கல்லாவில் உட்காருகிறவர் நாளைக்குப் பத்துத் தடவை கதை சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அது வேலையில்லை, பொழுதுபோக்கு.

பலகை என் பொறுப்பு. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் வருகிற ரோடு என்பதால் அந்த 2-இல் கன்னடம் எழுதினோம். ஃப்ளெக்ஸ் அடித்துச் சுருட்டி வந்ததை விரித்தால் 'தகடுர் களிக்கடை' என்று இருக்கிறது. என் பழைய எழுத்துருவில் அடித்ததை அச்சுக்கு மாற்றும்போது 'டூ' குறுகி 'டு' ஆகிவிட்டது, நானும் சரிபார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். இருபது வருஷ அனுபவம்! எழுத்துரு மாற்றி செய்தவர் ஊர்ப் பெயரையே எழுத்துரு மாற்றத்தில் கோட்டை விட்டேன். திருப்பி அடிக்க நேரமில்லை. சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு சுழியை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தால் இப்போதும் அது மட்டும் கொஞ்சம் பளபளக்கும்.

கடை திறந்த முதல் ஞாயிறு, கர்நாடகா பதிவு எண் போட்ட கார் ஒன்று நின்றது. இறங்கியவர்கள் கன்னடக் குடும்பம். பெரியவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார், கன்னட எழுத்தை வாய்விட்டுப் படித்தார், முகம் மலர்ந்து கல்லாவுக்கு வந்தார். நஞ்சன்கூடு பக்கம் தகடூர்தான் தன் மாமனார் ஊர், நீங்கள் அங்கே யார் வீடு என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். ஆயா ஒரு இலையை விரித்து, 'சொந்தக்காரங்கதான், உக்காரச் சொல்லு, களி ஆறுது' என்றார்.